வீட்டுச் சுவரில் புகைப்படம்: சட்டமிடலின் வரலாறு

அச்சிட்ட புகைப்படத்தைக் கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் மரத்தாலோ உலோகத்தாலோ சட்டம் பூட்டிச் சுவரில் மாட்டும் முறையைத் தமிழ்ப் பேச்சுவழக்கில் 'கண்ணாடி போடுதல்' என்றும் 'பிரேம் போடுதல்' என்றும் சொல்கின்றனர். கண்ணாடி போட்டுவிட்டால் படம் பத்திரமாகிவிட்டது என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. சுவரில் ஓர் இடம் கிடைத்ததால்தான் பல குடும்பப் படங்கள் தொலையாமல் மூன்று, நான்கு தலைமுறை கடந்து வந்துள்ளன. ஆனால் அந்தப் படங்களில் பல அதே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டும், அதே பின்பலகையால் பழுப்பேறியும் அழிந்துள்ளன. சட்டமிடுதல் தமிழ் வீடுகளில் நினைவுக்கும் வழிபாட்டுக்கும் உரிய வழக்கமாக வளர்ந்தது. படத்தின் வேதியியலைக் கருதி அது உருவாகவில்லை. இக்கட்டுரை அந்த வழக்கத்தின் வரலாற்றையும், அதில் படங்கள் அழியும் விதத்தையும், வீட்டில் அவற்றைக் காக்கும் வழிகளையும் விவரிக்கிறது.

கண்ணாடியோடு பிறந்த படம்

புகைப்படத்துக்குக் கண்ணாடி போடும் பழக்கம் புகைப்படக் கலையின் முதல் நாட்களிலேயே தொடங்கியது. பிரான்சைச் சேர்ந்த லூயி டாகேரின் முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் பொதுமக்களுக்கு விளக்கப்பட்டது. அம்முறையில் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டின் மேல் உருவம் பதிந்தது. அந்த உருவம் மிக மெல்லியது. விரல் பட்டால் அழியும், காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். எனவே ஒவ்வொரு படத்தையும் உடனே கண்ணாடியிட்டு மூடவேண்டியிருந்தது.

தகட்டின் மேல், நடுவில் திறப்புள்ள பித்தளைத் தகடு ஒன்றை வைத்தனர். அதன் மேல் கண்ணாடியை வைத்து, ஓரங்களைக் காகிதப் பட்டையால் ஒட்டி மூடினர். பித்தளைத் தகடு பார்வைக்கு அழகாக இருந்தது. அதைவிட முக்கியமான ஒரு வேலையையும் அது செய்தது: கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி ஏற்படுத்தியது. பின்னாளில் வீட்டுச் சட்டங்களில் இல்லாமற்போனது இந்த இடைவெளிதான்.

மங்கும் படங்கள் பற்றிய முதல் விசாரணை

காகிதத்தில் அச்சிடும் முறைகள் பரவியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. அச்சிட்ட சில ஆண்டுகளிலேயே படங்கள் மஞ்சளாகி மங்கின. இதன் காரணத்தை ஆராய லண்டன் புகைப்படக் கழகம் 1855இல் ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இதற்கு 50 பவுன் நன்கொடை அளித்தார். அந்த ஆண்டே அறிக்கை அளித்த குழு முக்கியமாக மூன்று காரணங்களைச் சொன்னது: படத்தை நிலைப்படுத்தப் பயன்படுத்தும் 'ஹைப்போ' உப்பு சரியாகக் கழுவப்படாமல் காகிதத்தில் தங்குதல், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், ஈரம்.

இவற்றில் முதலாவது ஸ்டூடியோக்காரரின் பொறுப்பு. மற்ற இரண்டும் படம் வீட்டுக்கு வந்தபின் நேர்பவை. 170 ஆண்டுகளுக்கு முன்பு குளிர்நாட்டில் சொல்லப்பட்ட இந்த ஈரக் காரணம், தமிழகக் கடற்கரையின் காற்றில் பல மடங்கு வலுப்பெறுகிறது.

சென்னை மாகாணத்தில்

சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் புகைப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. 1856இல் சென்னைப் புகைப்படக் கழகம் தோன்றியது. அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம் முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளியாயின. அவற்றின் படிகள் பிரித்தானிய நூலகம் போன்ற இடங்களில் இன்றும் உள்ளன. அட்டைகளுக்கு நடுவே மூடிய நிலையில், வெளிச்சம் படாமல், கையாளுதல் குறைந்து இருந்ததால் அவை நீடித்தன. வீட்டுப் படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. எல்லோரும் பார்ப்பதற்கென்றே அது எடுக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வழங்கிய 'ஆல்புமன்' படங்கள் முட்டை வெண்கரு பூசிய மெல்லிய காகிதத்தில் அச்சிடப்பட்டவை. அவை தானாகச் சுருளும். ஆகவே கெட்டி அட்டையில் ஒட்டியே கொடுக்கப்பட்டன. பிரான்சின் டிஸ்டேரி 1854இல் காப்புரிமை பெற்ற சிறிய 'கார்ட் தெ விசிட்' அட்டையும், 1860களில் வந்த சற்றுப் பெரிய 'கேபினட்' அட்டையும் உலகெங்கும் பரவின. ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ அச்சிடப்பட்டன. பழைய படமொன்றின் காலத்தையும் இடத்தையும் அறிய இன்று பெரிதும் உதவுவது இந்த அட்டைதான். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அதன் ஓரத்தை வெட்டிவிட்ட வீடுகள் ஏராளம்.

ஸ்டூடியோவும் கண்ணாடிக் கடையும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்டூடியோக்கள் சிற்றூர்கள் வரை வந்தன. திரைச்சீலை, நாற்காலி, பூச்சாடி ஆகியவற்றோடு திருமணமான தம்பதியும் குடும்பமும் படம் எடுத்துக்கொண்டனர். செட்டிநாட்டு வீடுகளில் முன்னோர் படங்கள் மரச்சட்டத்தில் வரிசையாக இடம்பெற்றன. மற்ற வீடுகளில் நிலைவாசலுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே படங்கள் வரிசையாக மாட்டப்பட்டன.

இதே காலத்தில் தெய்வப் படங்களும் பெருகின. ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. பின்னர் கோவில்பட்டியில் கொண்டையா ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழ்நாடெங்கும் சென்றன. ஆண்டு முடிந்ததும் காலண்டரின் படத்தை வெட்டியெடுத்துக் கண்ணாடி போடுவது வழக்கமாயிற்று. ஊருக்கு ஊர் இருந்த கண்ணாடிக் கடைகள் சாமி படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் ஒரே முறையில் சட்டமிட்டன. படத்தைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிவைத்து, பின்னால் அட்டையோ மெல்லிய பலகையோ கொடுத்து, இடைவெளி இருந்தால் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகி, சிறு ஆணிகள் அடித்து, மேலே பழுப்புத் தாளைப் பசையால் ஒட்டினர்.

காலண்டர் படத்துக்கு இம்முறை பெரிய தீங்கு செய்யவில்லை. அது காகிதத்தின் மேல் பதிந்த மை. புகைப்படம் அப்படியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படங்களில், காகிதத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலத்துக்குள்தான் உருவத்தைத் தாங்கும் வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பொருள். ஈரம் பட்டால் அது வீங்கி மெதுவாகிப் பசைபோல் ஆகும், காய்ந்தால் இறுகும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது உணவு. மை அச்சுக்குப் பழகிய சட்டமிடும் முறை, இப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு மாற்றமில்லாமல் பயன்படுத்தப்பட்டது.

இந்தியாவில் புகைப்படச் சுருளும் தாளும் தயாரிக்க உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960இல் நிறுவப்பட்டது. அதன் 'இந்து' வணிகப்பெயர் ஸ்டூடியோக்களில் நன்கு அறிமுகமானது. ஜெலட்டின் பூச்சுக்கு ஏற்ற குளிர்ந்த மலைக்காற்றில் தயாரான தாள், சமவெளியின் வெப்பத்திலும் ஈரத்திலும் சுவரில் தொங்கி வாழவேண்டியிருந்தது.

சுவரில் நடப்பது என்ன

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளர வாய்ப்பு ஏற்படுகிறது. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதம் அந்த அளவை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் பின்பலகை ஈரத்தை உறிஞ்சிப் படத்துக்குக் கடத்துகிறது. ஜெலட்டின் வீங்கிக் கண்ணாடியில் படிகிறது. கோடையில் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகள் இது திரும்பத் திரும்ப நடந்தபின் படமும் கண்ணாடியும் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணாடிக்குள் பளபளப்பான ஈரத்திட்டுகள் போலத் தெரிவது இந்த ஒட்டல்தான்.

மலிவான அட்டையிலும் செய்தித்தாளிலும் உள்ள மரக்கூழின் அமிலம் படத்தின் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. பலகையின் கணுவும் ரேகையும்கூட நாளடைவில் படத்தில் கறையாக எழும்பும். மைதாப் பசை இராமபாணப் பூச்சியை அழைக்கும். அதைத் தடுக்கவே பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்ப்பார்கள். மரச்சட்டம் வழியே கரையான் ஏறினால் சில நாட்களில் படம் இல்லாமற்போகும்.

பழைய வழக்கங்கள் எல்லாமே தவறானவை அல்ல. படத்தின் அடிப்பகுதியை மரப்பட்டியலின் மேலோ இரண்டு ஆணிகளின் மேலோ நிறுத்தி, மேல்பகுதியைக் கயிற்றால் முன்னோக்கிச் சாய்த்துக் கட்டும் முறை முன்பு பரவலாக இருந்தது. கீழே நின்று பார்ப்பவருக்கு உருவம் தெளிவாகத் தெரியவும், கண்ணாடியில் ஒளி தெறிக்காமல் இருக்கவும் அது செய்யப்பட்டது. சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டமும் அதனால் கிடைத்தது. அந்த இடைவெளியில் சிட்டுக்குருவி கூடு கட்டியதும் உண்டு. சுவரோடு ஒட்டிப் படத்தை மாட்டும் இன்றைய முறையில் இந்தக் காற்றோட்டம் இல்லை.

நீத்தார் படம்

தமிழ் வீட்டில் சட்டமிட்ட படத்துக்கு மிக முக்கியமான பணி இறந்தவரை நினைவுகூர்தல். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் முற்காலத்தில் இருந்ததால், பலர் உயிரோடு இருந்தபோது படமே எடுத்துக்கொள்ளவில்லை. இறந்த உடலை நாற்காலியில் அமர்த்தி, உறவினர் சூழ நின்று எடுத்த படமே ஒருவரின் ஒரே படமாக இருந்த குடும்பங்கள் உண்டு. கூட்டப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, பென்சிலாலும் தூரிகையாலும் திருத்தி நீத்தார் படம் உருவாக்குவதும் ஸ்டூடியோக்களின் வழக்கமான வேலையாக இருந்தது.

இப்படம் மாலையும் சந்தனமும் குங்குமமும் பெற்று, வழிபாட்டுக்குரியதாகிறது. அமாவாசைக்கும் பொங்கலுக்கும் திதிக்கும் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைப்பர். துடைக்கும் நீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கிருந்து படத்தின் அடி விளிம்பு வழியே மேலே ஊறுகிறது. பழைய படங்களில் பாதங்களும் புடவையின் கரையும் முதலில் அழிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு ஆகியவற்றின் புகை இடுக்குகள் வழியே உள்ளே படிகிறது. அதிகம் போற்றப்பட்ட படமே அதிகம் சிதைந்திருப்பது இதனால்தான்.

வழக்கத்தைக் கைவிடாமல் இதற்குத் தீர்வு காண முடியும். வழிபடுவதற்குப் படியெடுத்த படம் போதும். மாலையும் பொட்டும் படிக்கு உரியவை. மூலப்படம் பெட்டிக்கு உரியது.

வண்ணப்படமும் ஆல்பமும்

1980களில் வண்ணப்படங்கள் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாயின. வண்ணப்படத்தில் இறுதி உருவம் வெள்ளியால் ஆனதல்ல, சாயத்தால் ஆனது. சாயங்கள் வெளிச்சத்தில் மங்கும். வெப்பம் மிகுந்தால் இருட்டிலும் மங்கும். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்காததால் பழைய திருமணப் படங்கள் செந்நிறமாகத் தெரிகின்றன.

அக்காலத்தில் காகிதத்தின் இருபுறமும் பாலித்தீன் பூசிய புதிய தாளும் வந்தது. விரைவில் கழுவி உலர்த்த அது வசதியாக இருந்தது. ஆனால் தொடக்ககாலத் தாள்கள் வெளிச்சத்தில் உண்டாக்கிய ஆக்சிஜனேற்றப் பொருட்கள் மூடிய சட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டு, படத்திலிருந்த வெள்ளியையே தாக்கின. இத்தகைய கறுப்பு வெள்ளைப் படங்களில், திறந்து வைத்தவற்றைவிடச் சட்டமிட்டவை விரைவாகக் கெட்டது பாதுகாப்பாளர்கள் கவனித்த உண்மை.

ஆல்பங்களிலும் இதே கதை தொடர்ந்தது. கறுப்புத் தாளில் முக்கோண மூலைகளால் படம் செருகிய பழைய ஆல்பத்தில் படத்தின் மேல் பசை படவில்லை. பின்னர் வந்த ஒட்டும் ஆல்பத்தில் பசைக்கோடுகள் உள்ள அட்டையின் மேல் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை மூடினர். வசதியான அந்தப் பசை காலப்போக்கில் இறுகிப் படத்தைப் பிரிக்க முடியாமல் செய்தது. பி.வி.சி. உறைகளும் படத்தில் ஒட்டிக்கொள்பவை. சூடேற்றிப் பிளாஸ்டிக்கில் பொதியும் 'லேமினேஷன்' அதைவிடக் கடினமானது. அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

படம் ஒரு சான்று

வீட்டுப் படம் அழிந்தால் ஒரு குடும்பத்துக்கு மட்டும் இழப்பு என்று எண்ணிவிட முடியாது. உடை, நகை, அறைகலன், தொழில், சாதி வழக்கம், பெண்கள் அமரும் இடம் ஆகியவற்றுக்கு அது ஆவணம். இதை உணர்ந்து புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களையும் குடும்பப் படங்களையும் எண்ணிம வடிவில் பதிவு செய்தது. ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது நெகட்டிவ்களும் குப்பைக்குப் போவதால், வீட்டுச் சுவரில் உள்ள அச்சே பல வேளைகளில் எஞ்சிய ஒரே படி.

இலங்கையில் போரால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல படங்களை இழந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில், தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களையே கையில் ஏந்தி அமர்ந்தனர். இப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்ல அவர்களிடம் இருப்பவற்றில் முதன்மையானது அந்தப் படம். வெயிலிலும் மழையிலும் ஏந்தப்படும் படத்துக்கு ஒரு நல்ல படி எடுத்து வைப்பது, சான்றைக் காக்கும் செயல்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின், இடிபாடுகளில் கிடைத்த படங்களைத் தன்னார்வலர்கள் இலட்சக்கணக்கில் சேகரித்து, கழுவி, உலர்த்தி, உரியவர்களைத் தேடிக் கொடுத்தனர். நனைந்த படம் உடனே அழிவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால்தான் அழிகிறது என்பதை அம்முயற்சி பலருக்கும் உணர்த்தியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நனைந்த ஆல்பங்களுக்கும் இந்த அறிவு பொருந்தும்.

வீட்டில் செய்யத்தக்கவை

கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்கக் கூடாது. நனைத்துப் பிரிக்கவும் முயலக் கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பலகையை மட்டும் மெல்ல நீக்கி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். கைப்பேசியில் எடுப்பதானால் பிளாஷை அணைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், படத்துக்கு நேராகக் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும். எடுப்பவரின் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கண்ணாடியில் பிம்பம் விழாது. கண்ணாடி உடைந்திருந்தாலும் துண்டுகளை எறியாமல் படத்தோடு தட்டையாக வைக்க வேண்டும்.

புதிதாகச் சட்டமிடும்போது கடைக்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்கலாம். முதலாவது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சன்னல்போல் வெட்டிய 'மவுண்ட்' அட்டை. டாகேர் காலத்துப் பித்தளைத் தகடு செய்த வேலையை அது செய்யும். இரண்டாவது, பின்னால் செய்தித்தாளும் மரப்பலகையும் வேண்டாம். அமிலமற்ற அட்டை வேண்டும். மூன்றாவது, படத்தைப் பசையாலோ செலோ டேப்பாலோ ஒட்டாமல், காகித மூலைகளில் செருக வேண்டும். சட்டத்தின் கீழ்மூலைகளில் பின்பக்கமாக இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும். வெயில் விழும் சுவரும், குளியலறைக்கும் சமையலறைக்கும் பொதுவான சுவரும் ஏற்றவை அல்ல. துடைக்கும்போது நீரைக் கண்ணாடியில் தெளிக்காமல், நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும்.

மூலப்படங்களைப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறையிலோ அமிலமற்ற தாளிலோ வைத்து, தரையில் படாத அலமாரியில் பெட்டியில் வைக்கலாம். பரணும் வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் வெப்பம் ஏறும் இடங்கள். அந்துருண்டையைப் படங்களுடன் வைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த உலர்ந்த நாளில், நிழலில் எடுத்துப் பார்த்து வைப்பது நல்லது. நனைந்துவிட்டால் காய்வதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பிரித்து, தூய குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படப்பரப்பைத் தொடாமல் உலர்த்த வேண்டும்.

இவற்றோடு பெயரையும் காக்க வேண்டும். சட்டத்தின் பின்பக்கம் தாள் ஒட்டி மூடப்படுவதால், அட்டையின் பின்புறம் எழுதிய பெயரும் ஸ்டூடியோ முத்திரையும் தலைமுறைகளாக யார் கண்ணிலும் படுவதில்லை. படத்தில் இருப்பவர்களை அறிந்த கடைசி மூத்தவர் மறைந்தபின், நன்றாகப் பேணிய படமும் யாரென்று தெரியாத முகமாகிவிடும். ஆகவே மூடும் முன் பின்புறத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். மூத்தவரை அருகில் அமர்த்தி, இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கேட்டு, தனித்தாளில் எழுதிப் படத்தோடு வைக்க வேண்டும். படத்தின் பின்புறமே எழுதுவதானால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் மறுபக்கத்தில் தடமாக எழும்பும்.